பனிக்காலத்துக்குக் கார் தயாரா? ஹீட்டரையும் டீஃபாகரையும் சோதிக்கும் முறை

காரின் ஹீட்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலோர் ஏசி வென்ட்டின் முன் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, நன்றாகச் சூடு வருகிறது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பாதிச் சோதனைதான். குளிர்காலத்தில் ஹீட்டரின் முதல் வேலை உள்ளே இருப்பவரைச் சூடாக வைப்பதன்று, முன்கண்ணாடியைத் தெளிவாக வைப்பது. கால் விறைத்தாலும் ஒருவாறு வண்டி ஓட்டிவிடலாம். கண்ணாடி தெரியாமல் பத்து அடி நகர்வதும் ஆபத்து. ஆகவே உங்கள் காரைக் கணிக்கும்போது கையை நம்பாமல் கண்ணாடியைப் பாருங்கள்.

பெட்ரோல், டீசல் கார்களில் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு ஏதுமில்லை. என்ஜினைச் சுற்றி ஓடி அதைக் குளிர்விக்கும்போது சூடேறும் கூலன்ட் என்னும் திரவம், டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் என்னும் சிறிய ரேடியேட்டருக்குள் வருகிறது. ப்ளோயர் என்னும் ஃபேன் அதன் மீது காற்றை ஊதுகிறது. என்ஜின் வீணாக்கும் வெப்பத்தைத்தான் நாம் வாங்கிக்கொள்கிறோம். வண்டியைக் கிளப்பியவுடன் ஃபேனை முழு வேகத்தில் வைப்பவருக்குக் குளிர்ந்த காற்று மட்டுமே கிடைப்பதன் காரணம் இதுவே. டாஷ்போர்டில் என்ஜின் சூட்டைக் காட்டும் வெப்பமானியின் முள் அசையத் தொடங்கும்வரை ஃபேனைக் குறைவாக வைத்து, பிறகு படிப்படியாகக் கூட்டுவது நல்லது. டீசல் என்ஜின் வெப்பத்தை அவ்வளவாக வீணாக்காததால் இன்னும் தாமதமாகத்தான் சூடேறும். அதனால்தான் பல டீசல் கார்களில் மின்சாரத்தில் இயங்கும் துணை ஹீட்டர் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள்.

கண்ணாடியை மறைப்பவை இரண்டு: வெளிப்புறத்தில் படியும் உறைபனி, உட்புறத்தில் படியும் நீராவி மூட்டம். இரண்டுக்கும் ஒரே பொத்தானை அழுத்துகிறோம் என்றாலும் மருந்து வேறு வேறு. வெளியே உள்ள பனியைக் கரைக்க வெப்பம் வேண்டும். உள்ளே உள்ள மூட்டத்தைப் போக்க வெப்பத்தைவிட வறண்ட காற்றுதான் முக்கியம். நம் மூச்சிலும், நனைந்த காலணியிலும், பனி ஒட்டிய மேலங்கியிலும் இருந்து கிளம்பும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீர்த்துளியாகிறது. அந்த ஈரத்தை வெளியேற்றாமல் காற்றை மட்டும் சூடாக்கினால், அது கூடுதல் ஈரத்தை ஏந்திக்கொண்டு மறுபடியும் கண்ணாடிக்கே வந்து சேரும்.

காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பும் டீஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தினால் பல கார்களில் ஏசியும் சேர்ந்து இயங்குவது இதற்காகத்தான். குளிரில் ஏசி எதற்கு என்று அதை அணைத்துவிடுபவர்கள் உண்டு. ஏசியின் குளிர்ந்த சுருளில் பட்டு ஈரம் நீராக வடிந்துவிடுகிறது. வறண்ட அந்தக் காற்று பிறகு ஹீட்டர் கோரில் சூடேறிக் கண்ணாடிக்கு வருகிறது. வெளி வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இறங்கும்போது பெரும்பாலான கார்களில் ஏசி கம்ப்ரெசர் தானாகவே நின்றுவிடும், அப்போதும் கவலையில்லை. 0 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றில்கூட ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் நீராவிதான் இருக்க முடியும். 20 டிகிரி காற்று 17 கிராம் வரை தாங்கும். எனவே வெளிக்காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கினாலே அது வறண்ட காற்றாகிவிடுகிறது. உட்காற்றையே சுற்றவிடும் பொத்தான் இதைத்தான் கெடுக்கிறது. சீக்கிரம் சூடாகட்டும் என்று நானும் ஒரு முறை அதை அழுத்திவிட்டு, நால்வர் மூச்சில் கண்ணாடி பால்போல் வெளுத்துப் போகவே, வண்டியை ஓரங்கட்டிக் கைக்குட்டையால் துடைக்க நேர்ந்தது. துடைத்த இடத்தில் கோடுகள் மிஞ்சினவே தவிர மூட்டம் போகவில்லை. வெளிக்காற்றுக்கு மாற்றிய பிறகுதான் போயிற்று.

இனிச் சோதனைக்கு வருவோம். இரவு முழுவதும் வெளியில் நின்று பனி படிந்த காரில், விடியற்காலையில் செய்யுங்கள். முதலில் சைலன்சர் குழாயின் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் புகக்கூடும். அதே காரணத்தால் மூடிய கராஜுக்குள் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அடுத்து, முன்கண்ணாடியின் அடியில் பானெட்டை ஒட்டியிருக்கும் காற்று இழுக்கும் துளைகளிலிருந்து பனியையும் சருகையும் அகற்றுங்கள். பலர் மறந்துவிடும் இடம் இது. கண்ணாடியை மட்டும் சுரண்டாமல் விட்டுவிடுங்கள். பிறகு என்ஜினைக் கிளப்பி, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெப்பத்தை உச்சத்தில் வைத்து, வெளிக்காற்றையும் ஏசியையும் இயக்கிவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள்.

எவ்வளவு நேரத்தில் தெளிய வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, மைனஸ் 8 அல்லது மைனஸ் 18 டிகிரியில் குளிரவைத்த காரின் கண்ணாடியில் சதுர சென்டிமீட்டருக்கு 0.044 கிராம் பனிக்கட்டியைப் படியவைத்துச் சோதிக்கிறார்கள். ஓட்டுநர் நேராகப் பார்க்கும் பகுதியில் 80 சதவீதம் 20 நிமிடத்துக்குள்ளும், அதைவிட அகன்ற பகுதியில் 95 சதவீதம் 40 நிமிடத்துக்குள்ளும் தெளிந்தாக வேண்டும். உங்கள் வீட்டு வாசலில் பனியின் கனமும் குளிரின் அளவும் வேறாக இருக்கும் என்பதால் நிமிடக் கணக்கை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் மெல்லிய உறைபனியே 20 நிமிடம் கழித்தும் ஓட்டுநர் பக்கம் அசையாமல் நின்றால், ஏதோ கோளாறு இருக்கிறது என்று கொள்ளலாம்.

நேரத்தைவிட, தெளியும் வடிவம் அதிகம் சொல்லும். நன்றாக இயங்கும் காரில், கண்ணாடியின் அடிவிளிம்பில் வென்ட்டுக்கு நேர் மேலே பனி முதலில் பளபளப்பாகும். பிறகு உள்ளங்கை அளவுக்கு ஈரத்திட்டுகள் தோன்றி, விசிறிபோல் மேல்நோக்கி விரிந்து, நடுவில் ஒன்றோடொன்று சேரும். மேல் மூலைகள்தான் கடைசியில் தெளியும். ஒரு பக்கத் திட்டு மட்டும் விரியாமல் நின்றால், அந்தப் பக்க வென்ட்டுக்குள் ரசீதோ சில்லறையோ விழுந்து கிடக்கலாம், அல்லது காற்றுக்குழாய் இணைப்பு விலகியிருக்கலாம். வென்ட்டின் மேல் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்து, இரு பக்கமும் ஒரே வேகத்தில் படபடக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணாடி முழுவதுமே மந்தமாகத் தெளிந்தால், காற்று போதவில்லையா, சூடு போதவில்லையா என்று பிரித்தறிய வேண்டும். காற்று பலவீனமாக இருந்தால் முதலில், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும்.

சூடு போதாததற்குக் காரணங்கள் பல. நெடுஞ்சாலையில் நெடுநேரம் ஓட்டியும் வெப்பமானியின் முள் வழக்கமான இடத்துக்கு ஏறவில்லை என்றால், கூலன்டின் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் என்னும் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம். விலை குறைந்த பாகம்தான், மாற்றிவிடலாம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சூடும், வண்டி நின்றால் குளிர்ந்த காற்றும் வந்தால், கூலன்ட் குறைந்திருக்கலாம் அல்லது அதற்குள் காற்று அடைபட்டிருக்கலாம். காருக்குள் இனிப்பு வாடை அடித்து, கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய் பூசியதுபோல் படலம் படிந்துகொண்டே இருந்தால் ஹீட்டர் கோர் கசிகிறது என்று பொருள்; இதைத் தள்ளிப்போடக் கூடாது. கூலன்ட் அளவை என்ஜின் ஆறிய பிறகே பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதியாகக் கலந்த கூலன்ட் ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி நிரப்பி வந்திருந்தால் இந்தக் காப்பு போய்விடும்.

பின்கண்ணாடி வேறு கதை. அங்கே காற்று வேலை செய்வதில்லை. கண்ணாடியில் பதித்த மெல்லிய மின்கம்பிக் கோடுகள்தான் சூடாகின்றன; இதுதான் டீஃபாகர். அதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். டீஃபாகரை இயக்கி இரண்டு நிமிடம் கழித்து, பின் இருக்கையில் அமர்ந்து கண்ணாடியில் வாயால் ஊதி மூட்டம் போடுங்கள். வேலை செய்யும் கோட்டின் இருபுறமும் மூட்டம் உடனே விலகும்; விலகாமல் நிற்கும் கோடு எங்கோ அறுந்திருக்கிறது. சிறிய அறுபட்ட இடத்தை, மின்சாரம் கடத்தும் வண்ணப்பூச்சைத் தடவிச் சரிசெய்துகொள்ளலாம். அந்தக் கண்ணாடியைத் துடைக்கும்போது கோடுகளின் போக்கிலேயே துடையுங்கள், சுரண்டியை அதில் வைக்காதீர்கள். பின்னால் வருவதைக் காட்டும் பக்கவாட்டு மிரர்களில் ஹீட்டர் இருந்தால், பெரும்பாலும் அதுவும் இதே பொத்தானில்தான் இயங்கும்.

மின்சாரக் காரில் வீணாகும் வெப்பம் குறைவு. ஹீட்டருக்கான மின்சாரம் நேராக பேட்டரியிலிருந்து போவதால், ஒரே சார்ஜில் ஓடும் தூரம் குறையும். வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப் உள்ள காரில் இந்த இழப்பு சற்றுக் குறைவு. என்ஜின் சூடேறக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது மின்சாரக் காரின் பெரிய வசதி. சார்ஜரில் இணைந்திருக்கும்போதே, கிளம்பும் நேரத்தைக் குறித்து உள்ளறையைச் சூடாக்கும்படி அமைத்துவிட்டால், தெளிந்த கண்ணாடியோடும் நிறைந்த பேட்டரியோடும் புறப்படலாம்.

அவசரத்தில் கண்ணாடியின் மேல் வெந்நீரை ஊற்றாதீர்கள். திடீர் வெப்பத்தில் கண்ணாடி விரிசல்விடும். ஒட்டி உறைந்த வைப்பரை இயக்கினால் ரப்பர் கிழியும், மோட்டாரும் கெடலாம். இரவே வைப்பர் சுவிட்சை அணைத்து வையுங்கள். கண்ணாடியின் உட்புறத்தை மாதம் ஒரு முறையாவது நன்றாகத் துடையுங்கள், அழுக்குப் படலத்தில்தான் மூட்டம் எளிதில் பற்றும். மாலையில் வண்டியை நிறுத்துவதற்குச் சற்று முன் ஜன்னல்களைச் சிறிது திறந்து உள்ளே தேங்கிய ஈரமான காற்றை வெளியேற்றி, நனைந்த தரைவிரிப்புகளை உதறி வீட்டுக்குள் எடுத்துச் சென்று உலர்த்தினால், மறுநாள் காலையில் கண்ணாடியின் உட்புறத்தையும் சுரண்டவேண்டி வராது.