கடற்காற்றில் எம்.ஜி.பி. காரைப் பேணும் முறை

கடற்காற்று வீசும் புதுச்சேரியில், 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் உருவான எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது துருவைத்தான். இதற்குத் தனிச் சட்டகம் கிடையாது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் செல்லும் தகட்டுப் பெட்டிகளும் சேர்ந்தே வண்டியின் பலத்தைத் தாங்குவதால், அவை உள்ளிருந்து அரித்துவிட்டால் மேலே பெயின்ட் எவ்வளவு பளபளத்தும் பயனில்லை. ஆகவே கடற்கரைச் சாலையில் ஓட்டித் திரும்பியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவி, வடிகால் துளைகள் அடைபடவில்லை என்று உறுதிசெய்து, நன்கு உலர்ந்த பிறகு பெட்டிகளுக்குள் மெழுகு வகைத் துருத்தடுப்பானைத் தெளியுங்கள். தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே நிறுத்திவிடும். காற்றுப் புகும் துணி உறையே ஏற்றது.

அடுத்தது பெட்ரோல். இப்போது அதில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுவதால், பழைய ரப்பர் குழாய்களை நீக்கி, எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் பொருத்துங்கள், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் எஸ்.யு. கார்புரேட்டர்களின் கலவையையும் அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

தொடக்ககால எம்.ஜி.பி. வண்டிகளில், இன்றைய வழக்கத்துக்கு மாறாக, பேட்டரியின் நேர்முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். மெக்கானிக்கிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பொருத்துவோரும் உண்டு. அந்த உறுமலுக்காகவே வண்டியை விரும்புபவருக்கு அது ஏற்ற வழியாக எனக்குத் தோன்றவில்லை.