நடுவில் இருக்கும் அந்த மெல்லிய பின்

சார்ஜர் செருகினால் லப்டொப் ஓடும், பற்றரி மட்டும் 41 வீதத்தைத் தாண்டாது. பற்றரி டிரைவரை அழித்துத் திரும்ப ஏற்றினேன், பவர் பட்டனை 30 செக்கன் அழுத்தினேன், யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் புதுப் பற்றரியே வாங்கிப் போட்டேன், சரிவரவில்லை. மீற்றரில் பார்த்தால் சார்ஜர் 19.5 வோல்ற் சரியாகத் தந்தது, அதனால் சார்ஜரில் பிழையில்லை என்று நினைத்தேன், மூன்று நாளை வீணாக்கியது அதுதான்.

பிறகு பயோஸில் (லப்டொப் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) பார்த்தால் அடப்டர் வகை தெரியாது என்றிருந்தது. இந்த வகைச் சார்ஜர் முனையின் நடுவில் ஊசி மாதிரி ஒரு பின் இருக்கிறதே, அது லப்டொப்புக்குக் கரண்ட் கொடுப்பதற்கல்ல, இது எத்தனை வாற் சார்ஜர் என்று சொல்வதற்கு. அந்தத் தகவல் வராவிட்டால் பற்றரி ஏறாது. பின் நேராகத்தான் இருந்தது, முனையின் கழுத்தடியில் அதன் வயர் உள்ளே அறுந்திருந்தது. வெட்டி, மூன்று வயர் உள்ள புது முனையை ஈயம் வைத்து ஒட்டினேன். இப்போது 65 வாற் என்று காட்டுகிறது, பற்றரியும் ஏறுகிறது. அப்பாடா!