பிள்ளைகளோடு திடீர் மலையேற்றம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் வெயிலைப் பார்த்ததும் "வாங்க, மலைக்குப் போயிட்டு வரலாம்" என்று கிளம்புவதில் தவறே இல்லை. தண்ணீர், தொப்பி, மருந்துப் பையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம். விவரம் தெரிந்த பெற்றோரே சறுக்கும் இடங்கள் வேறு.

திரும்பும் நேரத்தை முடிவு செய்யாமல் ஏறுவது

நினைத்தவுடன் கிளம்புகிறவர்கள் அடிவாரம் சேரவே பதினொன்றரை ஆகிவிடும். போனில் பார்த்தால் போக வர 8 கி.மீ. என்றிருக்கும். எட்டுதானே, இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று ஏறிவிடுவார்கள்.

அது பெரியவர்களின் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் உள்ளது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், கூடவே ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 8 கி.மீ. தூரம், 400 மீட்டர் ஏற்றம் என்றால் 2 மணி 16 நிமிடம். நிற்காமல் நடக்கும் திடமான ஆளுக்கு இது சரி. ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு அப்படியே இரட்டிப்பாக்குங்கள். சாப்பாடு, சிறுநீர், ஷூவுக்குள் புகுந்த கல், வழியில் ஊர்ந்த பூச்சி என்று இன்னொரு மணி நேரம் போகும். ஆக மொத்தம் ஐந்தரை மணி நேரம்.

திரும்பும் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும். சூரியன் மறைவது 6:15 என்றால், ஒன்றரை மணி நேரம் முன்னதாக 4:45க்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். 11:30க்கு ஏறினால் கையில் ஐந்தேகால் மணி நேரம். அதில் பாதிதான் ஏறுவதற்கு. எங்கே நின்றாலும் 2 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். இறக்கம் சீக்கிரம் முடிந்துவிடும், பாதி நேரம் எதற்கு என்பார்கள். களைத்த பிள்ளை தடுக்கி விழுவது இறக்கத்தில்தான். கால்விரல் ஷூ நுனியில் இடித்து இடித்து வலியெடுப்பதும் அங்கேதான். ஏறிய நேரம் இறங்கவும் ஆகும்.

இவ்வளவும் தெரிந்தவர்கள்கூட 2 மணிக்கு ஒரு வசனம் பேசுவார்கள்: "உச்சி இதோ தெரியுதே, இருபது நிமிஷம்தான்!" எரிச்சல் வருவது இங்கேதான். பெரியவரின் இருபது நிமிடம் பிள்ளைக்கு நாற்பது. மேலே உட்கார்ந்து படம் எடுக்கப் பதினைந்து. அதே இடத்துக்கு இறங்கிவர இன்னொரு நாற்பது. இருட்டுக்கு முன் மிச்சம் வைத்த ஒன்றரை மணி நேரம் அதிலேயே தீர்ந்துவிட்டது.

பிள்ளைகள் பெரியவர்களைப் போல மெல்ல மெல்லச் சோர்வதில்லை. குதித்துக்கொண்டே வரும் பிள்ளை சட்டென்று உட்கார்ந்துவிடும், அப்புறம் எழாது. 20 கிலோ பிள்ளையை முன்னால் அணைத்துத் தூக்கினால் நம் கால் எங்கே படுகிறது என்பதே தெரியாது. நம் கணுக்காலும் பிசகினால், மற்றவர்கள் தூக்கி இறக்க வேண்டியது இரண்டு பேரை. பள்ளத்தாக்குப் பாதையோ சூரியன் மறையும் முன்பே மங்கிவிடும்.

திரும்பும் நேரத்துக்கு அடிவாரத்திலேயே போனில் அலாரம் வையுங்கள், பிள்ளைகள் பார்க்க வையுங்கள். உச்சிக்குப் போகிறோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஓடை, பெரிய பாறை என்று பக்கத்து இலக்குகளைச் சொல்லுங்கள்.

மெதுவான பிள்ளை கடைசியில்

முன்னால் போனவர்கள் காத்திருந்து இளைப்பாறுவார்கள். கடைசிப் பிள்ளை மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். அதிகம் ஓய்வு தேவைப்பட்ட பிள்ளைக்கு ஓய்வே கிடைக்காது. அந்தப் பிள்ளையை முன்னால் விட்டு அதன் வேகத்தில் எல்லோரும் நடங்கள். கடைசியில் ஒரு பெரியவர் வரட்டும். ஓடுகிற பிள்ளைகள் பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் நிற்க வேண்டும்.

முதுகில் சுமக்கும் குழந்தைக்குக் குளிருகிறதா என்று நம் உடம்பை வைத்து முடிவு செய்வது

தூக்குகிறவருக்கு வியர்க்கும், அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் குளிரும். 1000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும், காற்று வேறு. அரை மணிக்கு ஒருமுறை பிடரியைத் தொட்டுப் பாருங்கள், இறக்கிவிட்டுக் கால்களை அசைக்க விடுங்கள்.

பருத்தி ஜீன்ஸ்

நனைந்தால் காயாது. மாற்று உடையாவது பையில் இருக்கட்டும்.

புது ஷூ

வேண்டாம்.

விசில் பெரியவரிடம் மட்டும்

தொலையக்கூடியது பிள்ளை, விசில் அதன் கழுத்தில் இருக்க வேண்டும். வழி தவறினால் நடக்காமல் அங்கேயே நின்று, நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதப் பழக்குங்கள்.

போனே டார்ச், போனே வரைபடம்

டார்ச் தனியாக வேண்டும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துவிட்டு, பேட்டரி தீராமல் இருக்க போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். சிக்னல் இல்லாமலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

இடி கேட்டும் ஏறுவது

கேட்ட நிமிடமே இறங்குங்கள். தனி மரத்தடி வேண்டாம்.

யாரிடமும் சொல்லாமல் போவது

திடீரென்று கிளம்பியதால் எங்கே போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் அழைப்போம், அழைக்காவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று சிக்னல் இருக்கும்போதே ஒருவருக்கு அனுப்புங்கள். இறங்கியதும் அவரை அழைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் தேடுவதற்கு ஆள் கிளம்பிவிடும்.