செக்யூரிட்டி ஏஜென்சி பிடிக்கும்போது ஓசூர்க்காரர்கள் செய்யும் தவறுகள்

பாகலூர் ரோட்டுப் பக்கம் எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் நான் செயலாளராக இருந்தபோது, செக்யூரிட்டிக்கு மூன்று கொட்டேஷன் வாங்கி, இருப்பதிலேயே குறைந்ததை டிக் அடித்தேன். கமிட்டியில் கைதட்டல்கூட விழுந்தது.

இரண்டாவது மாதம் ஒருநாள் பெங்களூரில் இருந்து திரும்ப ராத்திரி இரண்டு மணி ஆகிவிட்டது. ஹாரன் அடித்தும் கேட் திறக்கவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால், பிளாஸ்டிக் நாற்காலியில் கால் நீட்டித் தூக்கம். பக்கத்தில் ரோந்து நோட்டு. அதில் விடியற்காலை 5 மணி வரைக்குமான கையெழுத்து, ஒரே பேனாவில், வரிசையாக, அப்போதே போட்டு முடித்திருந்தது. எழுப்பினேன். “பகல்ல சிப்காட்ல ஒரு கம்பெனி டியூட்டி சார், ராத்திரி இங்க. நேத்தும் அப்படித்தான்” என்றார். வயது அறுபதை நெருங்கியிருக்கும். திட்ட வாய் வரவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கொட்டேஷனுக்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கு. ஒரு கேட்டுக்கு நாள் முழுக்க ஆள் வேண்டும் என்றால், எட்டு மணி நேர ஷிஃப்ட் மூன்று. வாரத்துக்கு 21 ஷிஃப்ட். ஒருவருக்கு வாரம் ஒரு நாள் லீவு, ஆக ஆறு ஷிஃப்ட். 21-ஐ ஆறால் வகுத்தால் மூன்றரை ஆள். எங்களுக்கு வந்த கொட்டேஷனில் இருந்தது இரண்டு பேர். லீவு நாளில் மாற்றுக்கு வரும் ஆளை ரிலீவர் என்பார்கள், அந்தச் சொல்லே அதில் இல்லை. பன்னிரண்டு மணி நேர டியூட்டி என்றாலும், எட்டு மணி நேரத்துக்கு மேல் பார்க்கும் வேலைக்கு இரட்டைச் சம்பளம் உண்டு. அதையும் யாரும் எழுதவில்லை.

ஆகவே மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள், பிரித்துக் கேளுங்கள். அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி எவ்வளவு, முதலாளி பங்காகக் கட்ட வேண்டிய பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 3.25 சதவீதம், சீருடை, ஏஜென்சியின் சர்வீஸ் சார்ஜ், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. இதைக் கூட்டினால் வரும் தொகைக்குக் கீழே ஒருவர் ரேட் கொடுக்கிறார் என்றால், அவர் கைக்காசைப் போட்டு நடத்தப் போவதில்லை. வாட்ச்மேன் சம்பளத்தில்தான் கத்திரி விழும்.

அடுத்தது லைசென்ஸ். 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஏஜென்சி நடத்தவே கூடாது. நடத்தினால் ஓராண்டு சிறை வரை போகலாம். அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி, பேச்சுவழக்கில் ‘பசாரா லைசென்ஸ்’ என்பார்கள். நம் ஊரில் நடக்கும் தவறு அது இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு, எங்கே வாங்கியது என்று பார்க்காமல் விடுவது. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். பெங்களூரில் பெரிய ஆபீஸ் வைத்திருப்பவர் கர்நாடக லைசென்ஸைக் காட்டி ஜூஜூவாடியில் ஆள் போட முடியாது, தமிழ்நாட்டுக்குத் தனியாக வாங்க வேண்டும். தமிழ்நாட்டு லைசென்ஸிலும் ஒரு மாவட்டத்துக்கு, ஐந்து மாவட்டம் வரை, மாநிலம் முழுவதற்கும் என்று வகை உண்டு. கிருஷ்ணகிரிக்கு மட்டும் வாங்கியவரைத் தர்மபுரி குடோனுக்கும் சேர்த்துப் பேசிவிடாதீர்கள். ஐந்து வருஷம்தான் செல்லும். தேதியையும் பாருங்கள்.

இதில் இன்னொரு தில்லுமுல்லு: லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும், ஆள் அனுப்புவது வேறொருவர். கண்டுபிடிப்பது சுலபம். லைசென்ஸில் உள்ள பெயர், பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. பெயர், நாம் பணம் போடும் வங்கிக் கணக்கின் பெயர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆள் விஷயத்தில் நமக்கு ஒரு ஓரவஞ்சனை. அஸ்ஸாமோ ஒடிசாவோ என்றால் ஆயிரம் கேள்வி கேட்போம். பென்னாகரம் பையன் என்றால் ‘நம்ம ஊரு’ என்று விட்டுவிடுவோம். காவல்துறை சரிபார்ப்பு இருவருக்கும் ஒன்றுதான். ஆதார் ஜெராக்ஸ் அதற்கு ஈடாகாது. வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி முடித்த சான்றிதழும் இருக்க வேண்டும். முன்னாள் ராணுவத்தினர், போலீஸாருக்கு இது குறைவு. வந்தவரிடம் “எங்கணா ட்ரெயினிங் எடுத்தீங்க?” என்று சாதாரணமாகப் பேச்சுக் கொடுங்கள், ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சிப்காட்டில் ஆலை வைத்திருப்பவர்களும் மாங்கூழ் கம்பெனிக்காரர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏஜென்சி சம்பளம் தராமல் போனால் அந்தப் பாரம் வேலை வாங்கிய உங்கள் தலையில் விழும், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பாக்கியும் அப்படியே. ‘பில் கட்டிட்டேனே’ என்பது அங்கே எடுபடாது. போன மாதம் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டிய சலானைப் பார்த்த பிறகுதான் இந்த மாத பில் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வெறும் சலான் போதாது, வேறு சைட்டுக்குக் கட்டியதைக்கூடக் காட்டுவார்கள். உங்கள் கேட்டில் நிற்பவர் பெயர் உள்ள பட்டியலைச் சேர்த்துக் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் வேலையையும் எழுத வேண்டும். மோட்டார் போடு, செடிக்குத் தண்ணீர் விடு, சிலிண்டரை மாடிக்குத் தூக்கு என்று ஆளாளுக்கு ஏவினால் அந்த நேரம் கேட்டில் யார் இருப்பது? எங்கள் வளாகத்தில் சைக்கிள் தொலைந்தது அப்படி ஒரு மோட்டார் நேரத்தில்தான்.

போலீஸ் மாதிரி காக்கி, தோளில் நட்சத்திரம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி உடுத்துவது குற்றம், உடுத்தியவருக்கும் ஏஜென்சி உரிமையாளருக்கும் சேர்த்து. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தால் அடித்து விசாரிக்கும் உரிமையும் கிடையாது. தாமதிக்காமல், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், போலீஸில் ஒப்படைக்க வேண்டும்.

ஏஜென்சியை மாற்றியபோது பொதுக்குழுவில் பெரிய சண்டை. வீட்டுக்கு வீடு பராமரிப்புத் தொகை கூடியது, என்னை ‘செலவாளி செயலாளர்’ என்றார்கள். சரி, இருக்கட்டும். போன வாரம் ரோந்து நோட்டைப் புரட்டினேன். 1.10, 2.25, 3.40 என்று நேரம் கோணல்மாணலாக இருந்தது. ஒரு வரியில் நேரமே இல்லை, “மழை. பின்பக்கம் போகல” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.