ஆறு மாதம் பிள்ளை வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

எங்கள் தண்டையார்பேட்டை தெருவில் மட்டும் நாலு வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளை பிறந்தால் அம்மா அப்பா கிளம்புவார்கள். இட்லிப் பொடி எத்தனை கிலோ, வடகம் விடுவார்களா, ஊறுகாயை எப்படிக் கட்டுவது என்று என்னிடம் கேட்பார்கள். பகல் பொழுதை அங்கே எப்படிக் கழிப்பது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள், குழந்தை டேகேருக்குப் போய்விடும். நமக்கு அங்கே கார் ஓட்ட வராது. தெருவில் நடந்தால் ஒரு முகம் தெரியாது. முதல் தடவை போனபோது மூன்று வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். நாலாவது வாரம்தான் இந்த விளையாட்டு கண்ணில் பட்டது.

பேர் டிஸ்க் கோல்ஃப். பார்க்கில் ஆங்காங்கே இரும்புக் கம்பம் நட்டிருப்பார்கள். கம்பத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கூடை, கூடைக்கு மேலே சுற்றிலும் தொங்கும் சங்கிலிகள். தொடங்கும் இடத்திலிருந்து ஃப்ரிஸ்பீ மாதிரியான ஒரு பிளாஸ்டிக் தட்டை எறிய வேண்டும். விழுந்த இடத்துக்கு நடந்துபோய், அங்கிருந்து மறுபடி எறிய வேண்டும். எத்தனை எறியில் கூடைக்குள் விழுகிறது என்பதுதான் கணக்கு, குறைந்தால் நல்லது. ஒரு மைதானத்தில் 9 கூடை அல்லது 18 கூடை இருக்கும். பெரும்பாலும் காசு கிடையாது. ஆளும் சேர்க்க வேண்டாம், தனியாகவே ஆடலாம்.

ஆரம்பத்தில் மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் குறிவைத்துத்தான் எறிந்திருக்கிறார்கள். ஃப்ரிஸ்பீ தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக் என்பவர் 1975இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் ஓக் குரோவ் பார்க்கில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். சங்கிலிக் கூடைக்கு 1977இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. வேகமாக வரும் தட்டின் வேகத்தைச் சங்கிலி வாங்கிக்கொள்ளும், தட்டு கூடையில் விழும். அந்தச் சத்தம் இருக்கிறதே, கோயில் மணிக்கு அடுத்தபடி எனக்குப் பிடித்த உலோகச் சத்தம் அதுதான்.

நான் 27 வருடம் மாநகராட்சிப் பள்ளியில் பி.டி. மிஸ்ஸாக இருந்தவள். வடசென்னைப் பெண் பிள்ளைகளுக்கு டென்னிகாய்ட் என்ற ரிங் ஆட்டம் சொல்லிக்கொடுத்தே என் தோள் தேய்ந்தது. ரிங் எறிந்து பழகிய கைக்கு இந்தத் தட்டு பாதி தெரிந்த விஷயம். பள்ளிக்கூடத்தில் ரிங் ஆடியவர்கள் நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறோம், அதை மறந்துவிடாதீர்கள்.

ஊரிலேயே ஒரு மாதம் பழகிவிட்டுப் போங்கள். சாதாரண ஃப்ரிஸ்பீ ஒன்று போதும். வீட்டு அன்னக்கூடையை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, மூன்று மீட்டரிலிருந்து தினம் ஐம்பது தடவை போடுங்கள். அது கைக்கு வந்ததும் ஐந்து மீட்டர், அப்புறம் எட்டு. தூரம் எறிந்து பழக மாநகராட்சி மைதானத்துக்கு விடியற்காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். ஏழு மணிக்கு மேல் கிரிக்கெட் பசங்கள் வந்துவிடுவார்கள்.

எறியும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், எல்லோரும் தவறுவது இதில்தான். வலது கைக்காரர் என்றால் வலது தோள் கூடையைப் பார்க்க, பக்கவாட்டில் நில்லுங்கள். கட்டைவிரல் தட்டின் மேலே, மற்ற விரல்கள் அடியில் விளிம்பைப் பிடித்திருக்க வேண்டும். தட்டை நெஞ்சுக்குக் குறுக்கே இடது பக்கம் கொண்டுபோய், அங்கிருந்து நேர்கோட்டில் இழுங்கள். முழங்கை முன்னால் வரும், கடைசியில் மணிக்கட்டு சொடுக்கும். தூரம் போக வைப்பது கை பலம் இல்லை, அந்தச் சொடுக்கில் வரும் சுழற்சி. கையை அரைவட்டமாக வீசினால் தட்டு எங்கேயோ போகும். முன்விளிம்பு மேலே தூக்கியிருந்தால் ஏறி, நின்று, இடது பக்கம் சரிந்து விழும். புதிதாக எறிபவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் செய்யும் தவறு இது. சாப்பாட்டுத் தட்டில் ரசம் இருக்கிறது, சிந்தக் கூடாது என்று நினைத்து மட்டமாக இழுங்கள். என் பிள்ளைகளுக்கு ரிங்குக்கும் அதைத்தான் சொன்னேன்.

காற்றைப் பழக ஒரு சாயங்காலம் திருவொற்றியூர் கரைக்குப் போங்கள். பாறை கொட்டாத மணல் பகுதியாகப் பார்த்து, கடலைப் பார்த்து எறியுங்கள். கடற்காற்று எதிரே வரும்போது தட்டு மேலே தூக்கிக்கொண்டு வலது பக்கம் கவிழப் பார்க்கும். தாழ்வாக, அவசரப்படாமல் எறிய வேண்டும். காற்று முதுகில் அடித்தால் தட்டு சீக்கிரம் இறங்கிவிடும், கொஞ்சம் உயர்த்தி விடுங்கள். அலைக்குப் பக்கத்தில் மட்டும் நிற்க வேண்டாம், தட்டு போனால் போனதுதான்.

அங்கே போனதும் வாங்க வேண்டியது ஒரே ஒரு தட்டு. விலை பத்திலிருந்து இருபது டாலருக்குள் இருக்கும். குறுக்களவு 21 சென்டிமீட்டர், நம் டிபன் தட்டு அளவு. எடை 170 கிராம் பக்கம், விளிம்பு கெட்டி. அதனால் பாய்ந்து வரும் தட்டு மேலே பட்டால் காயம்தான். தட்டின் மேல் நாலு எண் அச்சடித்திருப்பார்கள், முதல் எண் வேகம். அது 2 அல்லது 3 என்று இருப்பது ‘பட்டர்’, கூடைக்குப் பக்கத்தில் போடுவதற்கான மெதுவான தட்டு, அதைக் கேளுங்கள். 12, 13 என்று போட்ட ‘டிரைவர்’, அதாவது தூரம் எறிவதற்கான தட்டு, நம் கை வேகத்துக்குப் பறக்காது. பின்பக்கம் அழியாத மையில் போன் நம்பர் எழுதுங்கள். நம் ஊர் நம்பர் அல்ல, மகள் நம்பர்.

என் மகள் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறாள். அங்கே கோல்டன் கேட் பார்க்கில் 18 கூடை மைதானம் இருக்கிறது, இலவசம். ஃபுல்டன் தெருவில் போகும் 5ஆம் எண் பஸ்ஸில் ஏறி 25ஆவது அவென்யூ பக்கம் இறங்கினால் நடக்கிற தூரம். 1870களில் அந்த இடம் வெறும் மணல்மேடு. இன்று உயர உயரமாக யூகலிப்டஸும் சைப்ரஸும் நிற்கின்றன. உள்ளே நுழைந்தால் நீலகிரித் தைல வாசனை. ஜூலையிலும் பனிமூட்டம் இறங்கிக் குளிரும், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். சுடிதார், ஷூ போதும், துப்பட்டாவை மட்டும் பின் குத்திவிடுங்கள், எறியும்போது கையில் சிக்கும். தட்டு, தண்ணீர், ரெண்டு வாழைப்பழம் எல்லாம் என் மஞ்சப்பையில் அடங்கிவிடும். வேறு ஊர் என்றால் ‘யூடிஸ்க்’ என்ற ஆப்பில் பக்கத்து மைதானத்தைப் பார்க்கலாம். எந்தக் கூடைக்குப் பின் எங்கே போவது என்று வரைபடமே காட்டும்.

சட்டத்தில் நமக்குத் தேவை கொஞ்சம்தான். தட்டு விழுந்த இடத்துக்குப் பின்னால் கால் வைத்து எறிய வேண்டும். கூடையிலிருந்து பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால், எறிந்த வேகத்தில் முன்னால் விழக் கூடாது, நின்று நிதானித்து அப்புறம் நடக்க வேண்டும். சங்கிலியிலோ கூடைக்குள்ளேயோ தங்கினால் சேர்த்தி, கூடையின் உச்சியில் உட்கார்ந்துவிட்டால் சேர்த்தி இல்லை. ஒரு கூடைக்குப் பெரும்பாலும் மூன்று எறி என்று பலகையில் போட்டிருக்கும். நீங்கள் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்று மாதம் அப்படித்தான் ஆடினேன்.

மரியாதையில்தான் கவனம் வேண்டும். அது பொதுப் பார்க், குழந்தை வண்டி தள்ளுகிறவருக்கும் நாயோடு நடப்பவருக்கும் நம்மைவிட முதல் உரிமை. வழியில் ஆள் இருந்தால் எறியவே கூடாது. யார் பக்கமாவது தட்டு திரும்பிவிட்டால் ‘ஃபோர்!’ என்று தொண்டை கிழியக் கத்துங்கள், வெட்கப்பட வேண்டாம். முன்னால் ஆடுகிற கூட்டம் கூடையை விட்டு நகரும்வரை காத்திருங்கள். பின்னால் வேகமாக வருகிறவர்கள் இருந்தால் ஒதுங்கி நின்று கை காட்டுங்கள், அவர்கள் நன்றி சொல்லிப் போவார்கள். கூடையிலிருந்து அதிக தூரத்தில் இருப்பவர்தான் முதலில் எறிய வேண்டும். ஒருவர் எறியும்போது மற்றவர்கள் பேசக் கூடாது, நடக்கக் கூடாது. தனியாக நிற்பதைப் பார்த்து ‘எங்களோடு வருகிறீர்களா?’ என்று கேட்பார்கள். சரி என்று சொல்லிவிடுங்கள். எனக்கு ஆங்கிலம் தடுமாறும். ஆனால் தட்டு சங்கிலியில் விழும்போது எல்லோரும் கை தட்டுவார்கள், அதற்கு மொழி வேண்டாம்.

புதரில் தட்டு போய்விட்டால் அவசரமாகக் கையை விடாதீர்கள். கலிபோர்னியாவில் பாய்சன் ஓக் என்று ஒரு செடி, மூன்று மூன்று இலையாக இருக்கும், பட்டால் வாரக்கணக்கில் அரிக்கும். குச்சியால் விலக்கிப் பாருங்கள். மூன்று நிமிடம் தேடியும் கிடைக்கவில்லை என்றால் சட்டப்படி அது தொலைந்த தட்டு, கணக்கில் ஒரு எறி கூடும்.

என் தட்டு ஒருநாள் அப்படித்தான் போனது. மனசு கேட்காமல் இருட்டும்வரை தேடிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து மகள் போனுக்கு ஒரு செய்தி: தட்டு கிடைத்தது, முதல் கூடைக்குப் பக்கத்து மரத்தடியில் வைத்திருக்கிறேன். போய்ப் பார்த்தால் மண்ணைத் துடைத்து, நம்பர் தெரியும்படி கவிழ்த்து வைத்திருந்தார்கள். அடுத்த வாரம் நானும் ஒரு நீலத் தட்டைக் கண்டெடுத்தேன். அதில் இருந்த நம்பருக்கு மகளைச் செய்தி அனுப்பச் சொல்லி, அதே மரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன்.