மொட்டை மாடி ஒழுக்கு: பெங்களூரில் எதற்கு எவ்வளவு ஆகும்

மொட்டை மாடி ஒழுகத் தொடங்கியதும் நாம் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு என்ன ரேட்?" என்பதைத்தான். அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்து, தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். செலவு ஆயிரம் ரூபாய்க்குள் முடியுமா, ஐம்பதாயிரத்தைத் தாண்டுமா என்பது பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

அல்சூரில் என் அக்கா வீட்டுப் படுக்கையறைக் கூரையில் ஓதம் படர்ந்தபோது, பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் மாடி முழுவதும் பூச்சு அடிக்க வேண்டும் என்றார்; 38,000 ரூபாய் கொடுத்து அடித்தோம். மறு ஜனவரியில், வாரக்கணக்கில் மழையே இல்லாத நாட்களில், அதே இடத்தில் மறுபடியும் பழுப்பு வட்டம் தோன்றியது. மேலே போய்ப் பார்த்தால், சோலார் ஹீட்டருக்குச் செல்லும் குழாயின் இணைப்பில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஹீட்டரின் கால்களைத் தளத்தில் இறுக்கிய போல்ட் துளை வழியாக அது உள்ளே இறங்கியிருக்கிறது. பிளம்பருக்கு 700 ரூபாய் கொடுத்ததோடு ஒழுக்கு நின்றது. துளையைச் சுற்றிப் பூச்சு புதிதாக இருந்ததே தவிர, துளையை யாரும் அடைத்திருக்கவில்லை.

ஆகவே, மழையில்லாத நாளிலும் ஈரம் காயாமல் இருந்தால் குழாயையும் தொட்டியையும் சந்தேகப்படுங்கள். மழைக்குப் பிறகு சுவர் ஓரத்தில் மட்டும் ஈரம் தெரிந்தால், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையையோ, மழைநீர்க் குழாயின் வாயையோ பாருங்கள். அறையின் நடுவில் ஒழுகினால் தளத்தில் வெடிப்பு இருக்கலாம்; அல்லது வாட்டம் சரியில்லாமல் நீர் தேங்கலாம். சந்தேகம் தீரவில்லையென்றால், குழாய் வாயை அடைத்து, மணலும் சிமெண்டும் கலந்து சிறு வரப்புக் கட்டி, மாடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு அங்குலத் தண்ணீரை ஒரு நாள் முழுவதும் நிறுத்திப் பார்க்கலாம்.

இடம் தெரிந்த பிறகு விலைக்கு வருவோம். வெடிப்பை மட்டும் வெட்டி அடைப்பதற்கு ஓடும் அடிக்கு (அதாவது வெடிப்பின் நீளத்தில் ஓரடிக்கு) 40 முதல் 80 ரூபாய் வரை கேட்பார்கள். நார்வலை வைத்து அக்ரிலிக் பூச்சு இரண்டு மூன்று கை அடிக்கச் சதுர அடிக்குச் சுமார் 30 முதல் 55 ரூபாயும், பாலியூரித்தேன் பூச்சுக்கு 70 முதல் 130 ரூபாயும், தீயால் உருக்கி ஒட்டும் தார் விரிப்புக்கு 70 முதல் 120 ரூபாயும் ஆகலாம். வாட்டமே தவறியிருந்தால் எந்தப் பூச்சும் நெடுநாள் நிற்காது. பழைய தளத்தைக் கொத்தி எடுத்து, செங்கல் ஜல்லி போட்டு, 100 அடிக்கு ஓரடியாவது சரியும்படி வாட்டம் பிடிக்க வேண்டும். அதற்குச் சதுர அடிக்கு 120 முதல் 200 ரூபாய் வரை போகும். கூரையின் அடியில் பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அதைத் தனி வேலையாகக் கருத வேண்டும். கம்பியின் கனம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் கட்டட இன்ஜினியர் ஒருவர் பார்க்காமல் மேலே கைவைக்காதீர்கள்.

அளவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே கன்னட மேஸ்திரிகள் 'சதர' என்றும் நம்மவர்கள் 'சதுரம்' என்றும் சொல்வது பெரும்பாலும் 100 சதுர அடியை. "சதுரத்துக்கு நாலாயிரம்" என்றால் சதுர அடிக்கு 40 ரூபாய். வாய்ப்பேச்சில் இது குழம்பாமலிருக்க, சதுர அடிக் கணக்கிலேயே எழுதி வாங்குங்கள்.

முப்பதுக்கு நாற்பது மனையில் கட்டிய ஒரு வீட்டின் மாடி 30 அடிக்கு 30 அடி என்று வைத்துக்கொள்வோம். அக்ரிலிக் பூச்சுக்கு, 900 சதுர அடிக்கு 40 ரூபாய் வீதம் 36,000. கைப்பிடிச் சுவரில் ஓரடி உயரத்துக்குப் பூச்சு ஏற்ற, 120 அடிச் சுற்றளவுக்கு 4,800. 60 அடி வெடிப்பை 50 ரூபாய் வீதம் அடைக்க 3,000. ஆக 43,800 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் 18 சதவீத வரியாக 7,884 சேர்த்து 51,684 கேட்பார். முதல் தொலைபேசிப் பேச்சில் நமக்குச் சொல்லப்படுவது அந்த 36,000 மட்டுமே. பாசி சுரண்டுவது, பழைய பூச்சை எடுப்பது, தொட்டியைத் தூக்கி அதன் அடியிலும் அடிப்பது, இடிசலை அப்புறப்படுத்துவது ஆகியவை ரேட்டில் சேர்ந்தனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிடுங்கள். தொட்டியின் அடியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

சின்ன வேலையென்றால் நாள்கூலிக்கே முடித்துக்கொள்ளலாம். மேஸ்திரிக்கு 1,000 ரூபாயை ஒட்டியும், சித்தாளுக்கு அதைவிடக் குறைவாகவும் கேட்பார்கள். பொருளை நாமே வாங்கித் தந்தால் வாளியின் முத்திரையையும் தேதியையும் கண்ணால் பார்த்துக்கொள்ள முடியும். கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய மங்களூர் ஓட்டு வீடுகளுக்கும் இந்த முறையே பொருந்தும். அங்கே உடைந்த ஓட்டை மாற்றுவதும் முகட்டுக் கலவையைப் புதுப்பிப்பதும்தான் வேலை.

ஜனவரி முதல் மார்ச் வரை தளம் நன்றாகக் காய்ந்திருக்கும். வேலைக்கு அதுவே ஏற்ற காலம். ஏப்ரல், மே மாதங்களில் இடிமழை தொடங்கிவிடும். செப்டம்பர், அக்டோபரில் மழை உச்சத்தில் இருக்கும். அப்போது ஈரத்தளத்தின்மேல் அடித்த பூச்சு கொப்புளித்து உரியும். ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் அடியில் நீர்த்துளி இருந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள்.

அடுக்குமாடியில் மேல்தளத்தில் குடியிருப்பவர்கள் முழுச் செலவையும் தாமே ஏற்க வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டின் கர்நாடக அடுக்குமாடி உரிமைச் சட்டம் கூரையைப் பொதுப் பகுதியில் சேர்க்கிறது. அச்சட்டத்தின்கீழ் வரும் குடியிருப்புகளில் சங்கத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள்: பொருள் வந்து இறங்கியதும் ஒரு பங்கு, பூச்சு முடிந்ததும் ஒரு பங்கு, பூச்சு முழுமையாக உலர்ந்த பின் மாடியில் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, கீழே கூரை காய்ந்தே இருப்பதை இருவரும் சேர்ந்து பார்த்த பிறகு மீதி. இந்தத் தண்ணீர்ச் சோதனையை வேலைக்கு முன்பே ஒப்பந்தத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.