இழுக்காமல் பக்கத்திலேயே நடக்க நாயைப் பழக்க

சாப்பாட்டுக்கு முன், நாய்க்குப் பசி இருக்கும்போது, வீட்டுக்குள்ளேயே தொடங்குங்கள். தீனிக்குப் பட்டாணி அளவு மெத்தென்ற துண்டுகள் போதும். பிஸ்கட் என்றால் மென்று முடிக்கும்வரை நின்றுவிடும். நாய் இடப்பக்கம் நடந்தால் தீனியும் இடக்கையில்தான். பலரும் சறுக்குவது இங்கேதான்: வலக்கையால் நீட்டினால் குறுக்கே வந்து காலைத் தடுக்கும். தீனி பிடித்த கை உங்கள் காலோடு ஒட்டி, நாயின் மூக்கு உயரத்தில் இருக்கட்டும், உயர்த்தினால் துள்ளும். முதலில் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு துண்டு, பிறகு 3 அடிக்கு, 5 அடிக்கு. கயிறு தொய்வாகவே தொங்க வேண்டும். இறுகினால் அப்படியே நின்றுவிடுங்கள், சுண்டி இழுக்காதீர்கள். ஒரு தடவைக்கு 5 நிமிடம் தாண்ட வேண்டாம். பழகியதும் வெறுங்கையோடு நடத்தி, தீனியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் கையில் தீனி இருந்தால்தான் பக்கத்தில் வரும்.